டாங்கா 1914: ஓடியவர்களும் எழுதியவரும்

1914 நவம்பர் 2-ஆம் தேதி இரவு, பௌர்ணமி நிலவில், இந்தியாவிலிருந்து கப்பலில் வந்த சிப்பாய்கள் கிழக்காப்பிரிக்காவின் டாங்கா துறைமுகத்துக்குப் பக்கத்தில் கரையிறங்கத் தொடங்கினார்கள். 5-ஆம் தேதி, உயிரோடு இருந்தவர்கள் அதே கரையில் மறுபடி கப்பலேறினார்கள். சுமார் 8,000 பேர் கொண்ட பிரிட்டிஷ் இந்தியப் படையை, ஜெர்மானியர் தலைமையில் இருந்த சுமார் 1,000 பேர் விரட்டிவிட்டார்கள். முதல் உலகப் போரில் பிரிட்டன் வெட்கப்பட்டு மாதக்கணக்கில் வெளியே சொல்லாமல் வைத்திருந்த தோல்விகளில் இது ஒன்று.

அந்தப் படையில் சென்னை மாகாணத்துப் பட்டாளங்கள் இரண்டு இருந்தன. ஒன்று 63-ஆம் பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி, மற்றது 61-ஆம் பயனியர்கள். டாங்காவைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதப்பட்ட வெகுஜனப் போர்நூல்களை எடுத்தால், பழி முதலில் இவர்கள் தலையில்தான் விழுகிறது. துப்பாக்கியை எறிந்துவிட்டுக் கடலை நோக்கி ஓடினார்கள், கழுத்தளவுத் தண்ணீரில் போய் நின்றார்கள் என்கிற மாதிரியான சித்திரங்கள். இந்தச் சித்திரத்துக்கு நிறம் கொடுத்ததில் பெரும்பங்கு ஒரு தனி மனிதரின் நினைவுக்கு உண்டு. அந்தப் படையில் உளவு அதிகாரியாக இருந்த ரிச்சர்ட் மைனர்ட்ஸ்ஹாகன் என்பவரின் நாட்குறிப்பு அது. 1960-இல் நூலாக வந்தது. அந்த நூலை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதே இங்கே கேள்வி.

முதலில் நடந்தது என்ன என்று பார்த்துவிடலாம்.

படைக்குத் தலைவர் மேஜர் ஜெனரல் ஆர்தர் எய்ட்கன். இந்திய ராணுவத்திலேயே வாழ்நாளைக் கழித்தவர், ஆப்பிரிக்காவில் அனுபவம் இல்லை. போர் தொடங்கியதும் நல்ல பயிற்சியுள்ள பட்டாளங்கள் பிரான்ஸுக்கும் எகிப்துக்கும் போய்விட, மிச்சம் இருந்ததை அவசர அவசரமாகச் சேர்த்துக் கட்டிய படை இது. பட்டாளங்களுக்கு ஒன்றோடொன்று பழக்கமில்லை. சிலருக்குப் புதுத் துப்பாக்கியும் இயந்திரத் துப்பாக்கியும் கைக்கு வந்ததே கப்பலேறுவதற்குச் சற்று முன்புதான். செப்டம்பர் 22-இல் சென்னையின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டெரித்த எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் இந்தியப் பெருங்கடலில் இன்னும் திரிந்துகொண்டிருந்தது. துணைக்குப் போர்க்கப்பல் இல்லாமல் துருப்புகளை அனுப்ப முடியாத நிலை. அதனால் சில பிரிவுகள் கப்பலேறிய பிறகும் பம்பாய்த் துறைமுகத்திலேயே காத்துக்கிடந்தன. ஒருவழியாக அக்டோபர் 16-இல் புறப்பட்டார்கள். மெதுவான சரக்குக் கப்பல்கள், நெருக்கடி, வாந்தி, ஒத்துக்கொள்ளாத சாப்பாடு. மொம்பாசாவில் இறக்கிச் சில நாள் இளைப்பாற விடலாம் என்ற யோசனையை எய்ட்கன் ஏற்கவில்லை. கால் தரையில் பழகாமலேயே இவர்கள் சண்டைக்குப் போனார்கள்.

கடற்படை செய்தது இன்னும் விசித்திரம். போர் தொடங்கிய ஆகஸ்டில் டாங்கா துறைமுகத்தைத் தாக்குவதில்லை என்று உள்ளூர் அளவில் ஓர் உடன்பாடு ஏற்பட்டிருந்தது. லண்டன் அதை ஏற்கவில்லை. ஆனாலும், சொல்லாமல் அடித்தால் முறையாகாது என்று ‘ஃபாக்ஸ்’ போர்க்கப்பலின் தலைவர் கால்ஃபீல்ட் நவம்பர் 2 காலையில் தனியாகத் துறைமுகத்துக்குப் போய், ஜெர்மன் மாவட்ட ஆணையர் அவுராஹரைக் கூப்பிட்டு, ஒரு மணி நேரத்தில் சரணடையுங்கள் என்று அறிவித்தார். அவுராஹர் கரைக்குத் திரும்பினார். திரும்பியவர் சரணடையவில்லை, சீருடையை மாட்டிக்கொண்டார். செய்தி மலைநாட்டில் இருந்த ஜெர்மன் தளபதி லெட்டோ-ஃபோர்பெக்குக்குப் போயிற்று. மோஷியிலிருந்து டாங்காவுக்கு உசம்பாரா ரயில் பாதை நேராக வருகிறது. அவர் தன் படையை ரயிலில் ஏற்றினார். இங்கே கப்பல்கள் இல்லாத கண்ணிவெடிகளைத் தேடித் துறைமுகத்தைத் துழாவிக்கொண்டிருந்தன.

கரையிறங்க எடுத்த இடம் ஊரிலிருந்து சற்றுத் தள்ளிய ராஸ் கசோனே முனை. அலையாத்திச் சேறும், அதற்கு மேல் செங்குத்தான ஏற்றமும், அதற்கப்பால் ரப்பர், சைசல் தோட்டங்களும் புதருமாக இருந்த பகுதி. இழுவைப் படகுகள் கட்டி இழுத்த தட்டைப் படகுகளில் வந்து, தண்ணீரில் குதித்து, மூட்டையோடு நடந்து ஏறினார்கள். முதலில் இறங்கியவர்கள் 13-ஆம் ராஜபுத்திரர்களும் 61-ஆம் பயனியர்களும். பயனியர் என்றால் பாதை போடுவது, பாலம் கட்டுவது முதல் வேலை, சண்டை அதற்கு அடுத்தது. ஒரு முழு இரவு தூக்கமின்றி இறங்கிய இந்த இரண்டு பிரிவுகளையும் 3-ஆம் தேதி விடியற்காலையில் ஊரை நோக்கி நடக்கவிட்டார்கள். பீரங்கித் துணை இல்லை. எதிரே எத்தனை பேர் என்ற தகவல் இல்லை. ரயில் பாதைப் பள்ளத்தின் பக்கம் இருந்து இயந்திரத் துப்பாக்கி பேசத் தொடங்கியது. முன்னால் போய்ப் பார்த்த அதிகாரிகள் விழுந்தார்கள். பக்கவாட்டிலிருந்து அஸ்காரிகள், அதாவது ஜெர்மானியப் படையின் ஆப்பிரிக்க வீரர்கள், பாய்ந்து வந்தபோது வரிசை உடைந்தது. காலை முடிவதற்குள் சுமார் 300 பேரை இழந்து கரைக்கே திரும்பினார்கள்.

அன்று உடைந்த இரண்டு பிரிவுகளில் ஒன்று ராஜபுத்திரர்களுடையது என்பதைக் குறித்துவைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் தேவைப்படும்.

4-ஆம் தேதி விடியுமுன் லெட்டோ-ஃபோர்பெக் வந்துசேர்ந்தார். ஊர் வெறிச்சோடிக் கிடந்தது. சைக்கிள் ஒன்றில் ஏறி இருட்டில் கடற்கரை வரை போய், விளக்கெரியும் கப்பல்களையும் இறங்கும் படையையும் தானே பார்த்துவிட்டு வந்ததாக 1920-இல் வெளியான தன் நினைவு நூலில் எழுதியிருக்கிறார். எதிர்ப்பக்கத்தில் எய்ட்கன் படையிலிருந்து அப்படி யாரும் ஊர்ப்பக்கம் போய்ப் பார்த்து வந்திருந்தால் கதை மாறியிருக்கும். நண்பகல் வெயிலில், முன்னோட்டம் பார்க்காமல், முழுப்படையும் புதருக்குள் நுழைந்தது. கடலோரமாக வலப்பக்கம் காஷ்மீர் ரைஃபிள்ஸ், அடுத்து லங்காஷயர் வெள்ளையர் பட்டாளம், அதை ஒட்டி 63-ஆம் பாளையங்கோட்டைப் பட்டாளம், இடக்கோடியில் 101-ஆம் கிரனேடியர்கள். புதரில் பத்தடிக்கு அப்பால் இருப்பவன் தெரியாது. தாகம். சுடுபவன் எங்கே என்று தெரியாத குண்டு. பிற்பகலில் 63-ஆம் பட்டாளம் சிதறியது. நடுவில் இடைவெளி விழுந்தது. வலப்பக்கத்தில் காஷ்மீர்ப் படையின் கூர்க்காக்களும் லங்காஷயர்க்காரர்களும் ஊருக்குள் புகுந்து சுங்கச் சாவடி வரையிலும், ‘கெய்ஸர்’ பெயர் தாங்கிய ஓட்டல் வரையிலும் போய்விட்டார்கள். இடப்பக்கத்தில் 101-ஆம் பட்டாளம், தன்னைச் சுற்றிக்கொண்டு வந்த ஜெர்மானிய எதிர்த்தாக்குதலில் தனியாக மாட்டிக்கொண்டு நின்று செத்தது.

தேனீக் கதையையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் டாங்கா என்றாலே பலர் நினைவில் நிற்பது அதுதான். மரங்களில் இருந்த கூடுகள் குண்டு பட்டுக் கலைந்து, தேனீக்கள் 98-ஆம் பட்டாளத்தின் மீது பாய்ந்தன. அந்தப் பட்டாளம் நிலைகுலைந்து பின்வாங்கியது. ஜெர்மானியர்கள் கம்பி கட்டித் தேனீக்களை ஏவிவிட்டார்கள் என்ற வதந்தி பிறகு பரவியது. ஜெர்மானியரின் இயந்திரத் துப்பாக்கிக்காரர்களும் அதே தேனீக்களிடம் கொட்டு வாங்கினார்கள் என்பதால் அந்த வதந்தியைக் கணக்கில் எடுக்க வேண்டியதில்லை.

மாலையில் இரண்டு பக்கமும் பின்வாங்கியதுதான் இந்தச் சண்டையின் வேடிக்கை. ஒரு கொம்பு ஊதலைத் தவறாகப் புரிந்துகொண்டு அஸ்காரிகள் ஊருக்கு மேற்கே இருந்த தங்கள் முகாமுக்குப் போய்விட்டார்கள். சில மணி நேரம் டாங்கா காலியாகக் கிடந்தது. பிரிட்டிஷ் தரப்புக்கு அது தெரியவில்லை. மறுநாள் எல்லாவற்றையும் போட்டுவிட்டுக் கப்பலேறினார்கள். கரையில் விட்டுப்போனவற்றில் 16 இயந்திரத் துப்பாக்கிகளும் சுமார் 6 லட்சம் ரவைகளும் ஜெர்மானியர் கைக்குக் கிடைத்தன. புகை கக்கும் பழைய துப்பாக்கிகளை வைத்திருந்த அஸ்காரிப் பிரிவுகள் மூன்றுக்கு நவீன துப்பாக்கி கிடைத்ததும் இப்படித்தான். பிரிட்டிஷ் தரப்பில் இறந்தவர், காயம்பட்டவர், காணாமற்போனவர் சேர்த்து எண்ணூறுக்கு மேல். ஜெர்மன் தரப்பில் இறந்தவர்கள் எழுபது பேர் அளவில்.

இனி, எழுதியவருக்கு வருவோம்.

மைனர்ட்ஸ்ஹாகன் டாங்காவில் இருந்தார் என்பதில் சந்தேகமில்லை. 5-ஆம் தேதி வெள்ளைக்கொடியோடு ஜெர்மானியரிடம் போய்க் காயம்பட்டவர்களைப் பற்றிப் பேசியதும் அவர்தான். அவர்கள் கொடுத்த காலை உணவைச் சாப்பிட்டதையும் எழுதியிருக்கிறார். அந்த நாட்குறிப்பு படிக்கச் சுவையானது. போரின் குழப்பத்தை நேரில் பார்ப்பது போன்ற உணர்வைத் தரும். வரலாற்றாசிரியர்கள் அதை அள்ளி அள்ளி மேற்கோள் காட்டியதற்கு அதுவே காரணம். டாங்கா பகுதியில் மூன்று வகை விஷயங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. எய்ட்கனுக்குத் தான் முன்கூட்டியே எச்சரித்தது ஒன்று. கப்பலில் இருக்கும்போதே, சண்டைக்கு முன்பே, இந்தத் துருப்புகள் இந்தியாவிலேயே மோசமானவை, எதிர்ப்பு வந்தால் என்ன ஆகுமோ என்று தான் கணித்தது இன்னொன்று. ஒளிந்திருந்த சிப்பாய்களைத் தான் உதைத்துக் கிளப்பியதும், வாளை உருவப்பார்த்த இந்திய அதிகாரி ஒருவரைச் சுட்டுக் கொன்றதும் மூன்றாவது.

கவனித்தால் மூன்றிலும் எழுதியவர் சரியாகவே இருக்கிறார். அன்றன்று எழுதும் நாட்குறிப்பில் இப்படி ஒருவர் எப்போதும் சரியாக இருப்பது அபூர்வம். எதிர்காலம் தெரிந்த பிறகு திருத்தி எழுதினால் மட்டுமே அது எளிது. மைனர்ட்ஸ்ஹாகன் விட்டுச்சென்ற நாட்குறிப்புகள் தட்டச்சு செய்த தாள்கள். கையெழுத்து மூலங்கள் இல்லை. 1995-இல் லாக்மன் என்ற ஆய்வாளர், டி.இ. லாரன்ஸைப் பற்றி அந்த நாட்குறிப்பில் வரும் பதிவுகள் பிற்காலத்தில் புனையப்பட்டவை என்று காட்டினார். 2007-இல் பிரையன் கார்ஃபீல்ட் ஒரு முழு நூலே எழுதி, பாலஸ்தீனப் போர்முனையில் துருக்கியரை ஏமாற்றப் பொய்த் திட்டங்கள் அடங்கிய பையைத் தவறவிட்ட புகழ்பெற்ற தந்திரம் உட்பட, இந்த மனிதரின் சாகசங்கள் பலவற்றைக் கேள்விக்குள்ளாக்கினார். ஹிட்லர் கையை உயர்த்தித் தன் பெயரைச் சொன்னபோது, தானும் கையை உயர்த்தித் தன் பெயரைச் சொன்னதாக மைனர்ட்ஸ்ஹாகன் எழுதிவைத்திருக்கிறார். அதை நம்புகிறவர் நம்பலாம்.

ஆனால் இந்த மனிதரை மிகக் கச்சிதமாகப் பிடித்தவர்கள் போர் வரலாற்றாசிரியர்கள் இல்லை, பறவையியலாளர்கள். மைனர்ட்ஸ்ஹாகன் பெரிய பறவைச் சேகரிப்பாளர். ஆயிரக்கணக்கான பாடம் செய்த பறவைகளை லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தவர். 1990-களில் அவற்றை ஆராய்ந்தபோது, பல பறவைகள் அதே அருங்காட்சியகத்திலிருந்தும் பிற சேகரிப்புகளிலிருந்தும் திருடப்பட்டு, புதிய இடமும் தேதியும் எழுதிய சீட்டுக் கட்டப்பட்டவை என்று தெரிந்தது. அவற்றில் ஒன்று இந்தியாவின் அரிய வன ஆந்தை. சீட்டின்படி அதைப் பிடித்தது குஜராத்தின் மாண்ட்வியில், 1914 அக்டோபரில். அதாவது டாங்காவுக்குப் போகும் படையோடு பம்பாயில் கப்பலேறிய அதே மாதத்தில். பமீலா ராஸ்முசெனும் நைஜல் காலரும் தையலையும் உள்ளே திணித்த பஞ்சையும் பார்த்து, அந்த ஆந்தை 1880-களில் ஜேம்ஸ் டேவிட்சன் என்பவர் கான்தேஷில் சேகரித்தது என்று 1999-இல் நிறுவினார்கள். அந்தப் பொய்ச் சீட்டை நம்பிக் குஜராத்தில் தேடியவர்களுக்கு ஆந்தை அகப்படவில்லை. சீட்டை ஒதுக்கிவிட்டு, பழைய உண்மையான இடங்களைப் பின்பற்றிப் போனபோது 1997 நவம்பரில் மகாராஷ்டிரத்தின் ஷஹாதா பகுதியில் உயிரோடு கண்டார்கள்.

1914 அக்டோபரில் எங்கே என்ன செய்தேன் என்று ஒரு பறவையின் காலில் கட்டிய சீட்டிலேயே பொய் சொல்லக்கூடிய ஒருவர், 1914 நவம்பரில் பாளையங்கோட்டைச் சிப்பாய் எப்படி நடந்துகொண்டான் என்று எழுதும்போது மட்டும் உண்மையே பேசியிருப்பார் என்று எடுத்துக்கொள்ள முடியுமா? முழுவதும் பொய் என்று தள்ளுவதும் சோம்பேறித்தனம்தான். வேறு ஆவணங்களோடு ஒத்துப்போவதை வைத்துக்கொண்டு, அவர் ஒருவரே சாட்சியாக இருப்பதைத் தனியே எடுத்துவைக்க வேண்டும். 63-ஆம் பட்டாளம் சிதறியது உண்மை. 1941-இல் ஹோர்டெர்ன் தொகுத்த அதிகாரபூர்வப் போர் வரலாறும், 2002-இல் ராஸ் ஆண்டர்சன் டாங்காவைப் பற்றி எழுதிய நூலும் படைகளின் குழப்பத்தை மறைக்கவில்லை. தமிழர் இருந்த பட்டாளம் என்பதற்காக நாம் அதை மூடி மறைக்கவும் தேவையில்லை. ஆனால் அதிகாரபூர்வப் பதிவுகளில் அந்த ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் காரணங்கள் இருக்கின்றன. நாட்குறிப்பில் இருப்பது இனம் மட்டும்.

‘போர்க்குணம் கொண்ட இனங்கள்’ என்ற கோட்பாடு அப்போது இந்திய ராணுவத்தின் வேதம். 1880-களில் முதலில் சென்னைப் படைக்கும் பிறகு இந்தியப் படை முழுவதற்கும் தலைமைத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ் பிரபுவுக்குத் தெற்கத்திச் சிப்பாயின் மேல் நம்பிக்கை கிடையாது. அவர் காலத்திலிருந்தே சென்னைப் பட்டாளங்கள் குறைக்கப்பட்டும், பஞ்சாபியரைக் கொண்டு நிரப்பப்பட்டும் வந்தன. மிஞ்சிய சென்னைப் பட்டாளங்களில் தமிழ்ச் சாதி இந்துக்களோடு முஸ்லிம்களும் பறையர்களும் கிறித்தவர்களும் இருந்தார்கள். பாளையங்கோட்டை என்பது பட்டாளத்தின் பழைய பெயர். அதற்காக எல்லோரும் திருநெல்வேலிக்காரர்கள் என்று நினைக்கக் கூடாது. பறையர்களுக்கும் ஏழைக் கிறித்தவர்களுக்கும் பட்டாளச் சம்பளமும் ஓய்வூதியமும் ஊரின் சாதிக் கட்டிலிருந்து வெளியேற இருந்த மிகச் சில வழிகளில் ஒன்று. அந்த வழியை அடைத்துக்கொண்டே வந்த அரசுக்கு டாங்கா ஒரு சாக்கு.

இப்போது 3-ஆம் தேதியை மறுபடி பார்க்கலாம். அன்று முதலில் நொறுங்கிய இரண்டில் ஒன்று கோட்பாட்டின்படி முதல்தரப் போர் இனம். 4-ஆம் தேதி தேனீக்களிடமிருந்து ஓடிய 98-ஆம் பட்டாளம் வட இந்தியர்களுடையது. சென்னையிலிருந்து வந்த 61-ஆம் பயனியர்கள் அதே கிழக்காப்பிரிக்காவில் பிறகும் இருந்து, சாலையும் பாலமும் போட்டுப் படையை நகர்த்தினார்கள். யார் எங்கே உடைந்தார்கள் என்பதைத் தீர்மானித்தது சாதியோ மாகாணமோ என்று இந்தப் பட்டியலிலிருந்து நிறுவவே முடியாது. தூக்கம், கடல்நோய், கண்ணுக்குத் தெரியாத எதிரி, முதல் பத்து நிமிடத்தில் அதிகாரிகள் விழுந்தது ஆகியவற்றைக் கொண்டு ஓரளவு விளக்கலாம்.

நினைவு எழுதியவர் மைனர்ட்ஸ்ஹாகன் மட்டுமில்லை. லெட்டோ-ஃபோர்பெக்கின் நூலும் வென்றவரின் நூல்தான். அவருடைய நீண்ட போரில் சுமை தூக்கிச் செத்த ஆப்பிரிக்கர்களின் எண்ணிக்கை அவருடைய வீரக் கதையில் நிழலாகக்கூட விழுவதில்லை. போர் முடிந்து 1929-இல் கிழக்காப்பிரிக்கப் போரில் கலந்துகொண்ட பிரிட்டிஷ் அதிகாரிகள் லண்டனில் நடத்திய விருந்துக்கு அவரை அழைத்திருந்தார்கள். பழைய எதிரிகள் மரியாதையோடு கைகுலுக்கிக்கொண்டார்கள். சைக்கிள் கதையும் வெள்ளைக்கொடிக் காலை உணவும் அப்படிப்பட்ட மேசைகளில்தான் மெருகேறியிருக்க வேண்டும் என்பது என் ஊகம்.

சிப்பாயின் பக்கத்தில் இதற்கு இணையாக வைக்க அச்சில் எதுவும் இல்லை. பிரான்ஸில் சண்டையிட்ட இந்தியச் சிப்பாய்களின் குரல் நமக்குக் கிடைத்திருக்கிறது. அதற்குக் காரணம் அக்கறை இல்லை, சந்தேகம். அவர்கள் ஊருக்கு எழுதிய கடிதங்களைத் தணிக்கை அதிகாரிகள் படித்து, பகுதி பகுதியாக ஆங்கிலத்தில் பெயர்த்து அறிக்கையாக அனுப்பினார்கள். அந்த அறிக்கைகள் லண்டனில் தங்கிவிட்டன, 1999-இல் டேவிட் ஓமிஸி அவற்றிலிருந்து ஒரு தொகுப்பு வெளியிட்டார். அங்கே பேசுகிறவர்களும் பெரும்பாலும் பஞ்சாபியர், பட்டாணியர், ராஜபுத்திரர். அந்த அளவுக்குச் சந்தேகிக்கப்படும் பேறுகூடச் சென்னைப் பட்டாளத்தானுக்குக் கிடைக்கவில்லை. இறந்தவர்களின் கதையும் இதுதான். 2021-இல் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் வெளியிட்ட அறிக்கை, முதல் உலகப் போரில் இறந்த இந்தியர், ஆப்பிரிக்கர், எகிப்தியர் உள்ளிட்டோரில் குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயர் பொறிக்கப்படாமலோ நினைவுகூரப்படாமலோ விடப்பட்டிருக்கிறார்கள் என்று ஒப்புக்கொண்டது.

அந்த இந்திய அதிகாரியைச் சுட்ட பதிவுக்குத் திரும்ப வேண்டும், ஏனென்றால் போர்நூல்கள் அதை ஒரு துணிச்சலான தருணம்போல எடுத்தாளுகின்றன. மைனர்ட்ஸ்ஹாகனுக்கு இதில் முன்வரலாறு உண்டு. 1905-இல் கென்யாவில், பேச்சுவார்த்தைக்கென்று வந்த நந்தி மக்களின் தலைவர் கொய்தலெல் அரப் சமொயேயைச் சுட்டுக் கொன்றவர் அவர். விசாரணைகளில் தப்பினாலும் ஆப்பிரிக்காவை விட்டு அனுப்பப்பட்டார். டாங்காப் பதிவு உண்மையானால், தன் பக்கத்து அதிகாரி ஒருவரைக் கொன்றதற்கான ஒப்புதல் வாக்குமூலம் அது. பொய்யானால், அப்படி ஒன்றைச் செய்ததாகச் சொல்லிக்கொள்வதில் 82 வயதிலும் அவர் பெருமை கண்டிருக்கிறார். எப்படிப் பார்த்தாலும் அந்தப் பக்கத்தை எடுத்துச் சிப்பாயின் கோழைத்தனத்துக்குச் சான்றாக வைக்க இடமில்லை.

எய்ட்கன் கர்னலாகப் பதவி குறைக்கப்பட்டு அரைச் சம்பளத்தில் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். போருக்குப் பிறகு அவர்மேல் இருந்த பழியை அரசு ஓரளவு நீக்கிக் கொடுத்தது. 63-ஆம் பட்டாளத்தைப் பற்றி அப்படி யாரும் மறுபடி விசாரிக்கவில்லை. 18-ஆம் நூற்றாண்டின் நடுவில் தொடங்கப்பட்ட அந்தப் பட்டாளத்தை 1920-களின் தொடக்கத்தில் கலைத்தார்கள். அதே பத்தாண்டு முடிவதற்குள் சென்னை ரெஜிமென்ட்டின் மற்ற காலாட்படைப் பிரிவுகளும் சிக்கன நடவடிக்கையில் போயின. இரண்டாம் உலகப் போரில் ஆள் தேவைப்பட்டபோதுதான் ராணுவம் மறுபடி தெற்கே ஆளெடுக்க வந்தது.